ஆறு மணி ரோஸ்

முதல் குஞ்சு தாய் மீனின் விலாவை விட்டுக் கழன்று விழுந்தபோது ரோஸ் சாரின் கையில் காலி பக்கெட் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

அடுத்து ஒன்று விழுந்தது. அப்புறம் மூன்று, சேர்ந்தாற்போல்.

சாப்பாட்டுத் தட்டு மாதிரி வட்டமாக, நீலக் கோடுகளோடு மினுங்கிக்கொண்டிருந்த ஆண் மீன் கண்ணெதிரிலேயே கரித்துணியாகக் கறுத்தது. சிவப்புப் பெண் மீன் மூலைக்கு ஓடி மேல்மட்டத்தில் வாயைப் பிளந்தது. இரண்டின் உடம்பிலும் வெந்தயம் தூவினாற்போல் ஒட்டிக்கிடந்த குஞ்சுகள் திசை தெரியாமல் சிதறின.

பக்கெட்டை முகர்ந்து பார்த்தார். நீச்சல் குளம் மாதிரி மூக்கில் ஏறியது.

மருந்து ஊற்றவில்லை.

அலமாரியைத் திறந்தார். மீன் தீனி, வெப்பமானி, பழைய ஹீட்டர், அதற்குப் பின்னால் ஆன்டி குளோரின் பாட்டில். மூடி சுழல மறுத்தது.

"குடுங்க." மனைவி பின்னாலிருந்து பாட்டிலைப் பிடுங்கினாள். ஒரே திருகு. "எவ்வளவு?"

"ரெண்டு மூடி. சீக்கிரம்."

மருந்தைக் கொட்டி முழங்கை வரை கையை விட்டுக் கலக்கினாள். அவர் இன்னொரு காற்றுக் குழாயைத் தொட்டிக்குள் இறக்கினார். குமிழிகள் கொப்பளித்தன. இருவரும் கண்ணாடிமேல் மூக்கு உரச நின்றார்கள்.

நான்கு நிமிடம் கழித்து ஆண் மீனின் நெற்றியில் ஒரு நீலக் கோடு திரும்ப வந்தது. அப்புறம் இன்னொன்று. பிழைத்த குஞ்சுகள் ஒவ்வொன்றாக அப்பன் உடம்பைத் தேடி வந்து ஒட்டின.

டிஸ்கஸ் மீனில் அதுதான் விசேஷம். தாய், தகப்பன் இரண்டின் தோலிலும் பால் மாதிரி ஒன்று சுரக்கும். குஞ்சுகள் அதைக் கொறித்துத்தான் வளரும். 'மீன்லகூட அப்பன் பால் குடுக்குது. நம்ம வீட்ல ஒரு டீ போட ஆளைக் காணோம்' என்று மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

இன்று சிரிக்கவில்லை.

"எத்தனை போச்சு?"

வலையில் வாரியதை எண்ணினார். "பத்தொம்பது."

அறுபத்து மூன்றில் பத்தொன்பது. அவருடைய சொந்தக் கையால்.

போன வருடம் முதல் தடவை குஞ்சு பொரித்தபோது இதே தப்பை அவள் செய்தாள். ஒரே ஒரு பக்கெட். பத்தே நிமிடத்தில் மொத்தக் குஞ்சும் தரைக்குப் போய்விட்டது. நாலு நாள் அவர் அவளோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் வாய் திறந்ததும், 'ஹீட்டர் ஓடுதா பாரு' என்று கேட்கத்தான். அந்தக் கடனை வட்டியோடு திருப்பித் தர அவளுக்கு இதைவிட நல்ல நாள் வாய்க்காது.

"மறதி எல்லாருக்கும் வர்றதுதான். விடுங்க" என்றாள் அவள்.

திட்டியிருக்கலாம் என்று இருந்தது அவருக்கு.

பக்கெட்டைக் கவிழ்த்து வைத்துக் கையைத் துடைத்தவள், போகாமல் நின்றாள்.

"ஏங்க, இப்போ தண்ணில குளோரின் ஜாஸ்தியா?"

"மூணு மடங்கு. ஊரே நாறுதே, தெரியலையா."

"முன்னாடி?"

"முன்னாடி சாதாரண அளவுதான். போன வருஷம் செத்துச்சே, அது சாதாரண அளவுல செத்ததுதான்."

"அப்போ மருந்து போடாம குழாத் தண்ணியை நேரா ஊத்தினா எப்பவுமே சாகும்?"

"எப்பவுமே."

"தப்பிக்கவே தப்பிக்காதா?"

"குளோரின் இருந்தா தப்பிக்காது. இதுல என்ன சந்தேகம்?"

"ஒண்ணுமில்ல, சும்மா." அந்தப் பதிலை முந்தானையில் முடிந்துகொண்டவள்போல் சமையலறைக்குப் போனாள்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு நாற்பது. பதினோரு மணிக்கு விசாரணை.

பத்தொன்பது குஞ்சுகளையும் ஒரு காகிதத்தில் பொட்டலமாகக் கட்டினார். எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

*

ஊருக்குத் தண்ணீர் சுத்தம் செய்து அனுப்பும் நிலையத்தில் அவர் லேப் உதவியாளர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். மணிக்கொரு தரம் குழாய்த் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, ஒரு மாத்திரையைப் போட்டுக் குலுக்க வேண்டும். குளோரின் இருந்தால் தண்ணீர் ரோஸ் நிறமாகும். இல்லாவிட்டால் வெறும் தண்ணீராகவே நிற்கும். நிறத்தைப் பார்த்ததும் அரை மைல் தள்ளியிருக்கும் பம்ப் அறைக்குப் போன் செய்து ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

"ரோஸ்."

அவ்வளவுதான். மறுமுனையில் ஆபரேட்டர் "சரிண்ணே" என்பான். இவர் பதிவேட்டில் எழுதுவார். அந்த வார்த்தையே அவருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. சம்பளச் சீட்டில் இருக்கும் பெயர் அவருக்கே சட்டென்று நினைவுக்கு வராது.

மறுமுனையில் இருப்பவனுக்கு வால்வு என்று பெயர். திருகுவது அவன் வேலை. குளோரின் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று காட்ட வேண்டிய முள் ஆறு மாதமாகச் செத்துக் கிடந்தது. மூன்று முறை எழுதிப் போட்டாயிற்று. ஆகவே வால்வு கணக்கு வைத்து, குறித்த நாளில் குறித்த நேரத்தில் சிலிண்டரை மாற்றுவான். நடுவில் தீர்ந்துபோனால்? அதற்குத்தான் ரோஸ் சாரின் குப்பி இருக்கிறதே. அந்த நிலையத்துக்கு இருந்தது ஒரே கண். அது அவருடைய கண்.

போன வார செவ்வாய்க்கிழமை அந்தக் கண் வேறு இடத்தில் இருந்தது.

திங்கள் இரவு படுக்கும்போது குஞ்சுகள், முட்டையிட வைத்திருந்த களிமண் கூம்பில் வாலை ஆட்டிக்கொண்டு ஒட்டியிருந்தன. விடிந்தால் நீந்தத் தொடங்கும். நீந்தும் முதல் நாளில் அவை அப்பன் உடம்பையோ ஆத்தாள் உடம்பையோ கண்டுபிடித்து ஒட்ட வேண்டும். தப்பினால் பட்டினியில் சாகும். ஒரு வருடமாகக் காத்திருந்த காலை அது. ஐந்து இருபதுக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, நிலையத்தில் கையெழுத்துப் போட்டு, பதிவேட்டில் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று நான்கு கட்டங்களையும் ஒரே மூச்சில் நிரப்பிவிட்டு, ஆறு அடிக்கும்போது திரும்ப வீட்டில் இருந்தார். வெளியூர் விடுதியில் படிக்கும் மகளுடைய அறைதான் மீன் அறை. மகளின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்தார்.

ஆறு மணிக்குச் செல்போனை எடுத்தார். "ரோஸ்."

"சரிண்ணே."

ஏழு மணிக்கு ரோஸ். எட்டு மணிக்கு ரோஸ். ஒன்பது மணிக்கு முதல் குஞ்சு அப்பன் மேல் ஒட்டியது. அந்த சந்தோஷத்தில் குரல்கூடக் கொஞ்சம் பாட்டாக வந்தது. "ரோ...ஸ்."

பத்து மணிக்குத் திரும்ப லேப். நிஜமான குப்பி, நிஜமான மாத்திரை. ரோஸ்தான். பார், ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார். அறுபத்து மூன்று குஞ்சும் ஒட்டிவிட்டன, ஒன்றுகூடப் போகவில்லை, விடியற்காலையில் தண்ணீர் மாற்றிய மனைவியின் கைராசி என்று நிலையம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வியாழக்கிழமை அவருடைய தெருவிலும் அடுத்த தெருவிலும் பதினோரு பேருக்கு வாந்தியும் பேதியும். பழைய குழாயில் எங்கோ ஓட்டை, சாக்கடை கசிந்திருக்கிறது. குளோரின் இருந்திருந்தால் கொன்றிருக்கும். செவ்வாய்க்கிழமை காலை கொஞ்ச நேரம் குளோரின் இல்லாமல் தண்ணீர் போயிருக்கிறது என்று மேலே கண்டுபிடித்தார்கள். எத்தனை மணிக்கு என்பதுதான் கேள்வி.

பதினோரு பேரில் கீழ்வீட்டுத் தையற்காரரின் ஏழு வயது மகளும் ஒருத்தி. பத்துப் பேர் வீடு திரும்பிவிட்டார்கள். அவள் மட்டும் இன்னும் ஆஸ்பத்திரியில், கையில் ஊசியோடு. ஒன்பது நாளாகக் கீழே தையல் மெஷின் ஓடவில்லை. முன்பெல்லாம் அந்தச் சத்தத்துக்கு மீன் மிரள்கிறது என்று சண்டைக்குப் போனவர் ரோஸ் சார். இப்போது அந்தச் சத்தம் கேட்காத ஒவ்வொரு நிமிடமும் அவர் காதுக்குள் ஓடியது.

மனைவி தினமும் இரண்டு வேளை சாப்பாடு கட்டிக்கொண்டு போய் அந்தக் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தாள். அவர் ஒரு தரமும் போகவில்லை. 'குஞ்சுங்களைத் தனியா விட்டுட்டு எப்படி வர்றது' என்பார். மாடிப்படியில் தையற்காரரின் செருப்புச் சத்தம் கேட்டால் அது கடந்து போகும்வரை கதவுக்குப் பின்னால் நிற்பார்.

ஒன்பது நாளாக அவர் பிடித்துத் தொங்கிய கயிறு ஒன்றே ஒன்று. நான் பார்க்கவில்லை, வாஸ்தவம். பார்க்காததால் இல்லை என்று ஆகிவிடுமா? அந்த நாலு மணி நேரமும் ரோஸாகவே இருந்திருக்கலாமே. யார் கண்டது?

*

வாசல் மணி அடித்தது.

"அண்ணே, கிளம்பியாச்சா?" ஹெல்மெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வால்வு நின்றான். நாற்பது வயது. பெரிய உடம்புக்காரன். ஒன்பது நாளில் சட்டை ஒரு சுற்றுப் பெரிதாகியிருந்தது. "வண்டியில ஒண்ணாவே போயிரலாம்னு வந்தேன். ஒத்தையில போனா பாதி வழியில திரும்பிருவேன்."

"உள்ள வாங்க தம்பி" என்றாள் மனைவி.

"அண்ணி, டீ உண்டா? இல்ல இந்த வீட்ல மீனுக்கு மட்டும்தான் உபசாரமா?"

"மீனுக்கு டீ குடுத்தா உங்க அண்ணன் என்னைத் தூக்கித் தொட்டில போட்டுருவார். உக்காருங்க, கொண்டுவரேன்."

வால்வு உட்காராமல் தொட்டிப் பக்கம் வந்தான். குனிந்து பார்த்தான். "குழந்தைங்க கொறைஞ்ச மாதிரி இருக்கே?"

"கொஞ்சம் போயிருச்சு" என்றார் ரோஸ் சார். காகிதப் பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

வால்வு தலையைச் சாய்த்துக்கொண்டான். எதையோ காது கொடுத்துக் கேட்பவன்போல். காற்றுக் குழாய் கொப்பளித்துக்கொண்டிருந்தது. ப்ளக், ப்ளக், ப்ளக்.

"இந்தச் சத்தத்தை எங்கேயோ கேட்டிருக்கேனே."

ரோஸ் சார் தொட்டிக்கு முன்னால் நகர்ந்து நின்றார்.

"ம்... போன்ல. அன்னைக்கு நீங்க ரோஸ் சொல்லும்போது பின்னாடி இப்படித்தான் கேட்டுச்சு." வால்வு தன் நெற்றியைத் தட்டிக்கொண்டான். "லேப்ல தண்ணி காய்ச்சி வடிக்கிற மெஷின் இருக்குமே, அதுவா இருக்கும். என்னண்ணே?"

ரோஸ் சார் தலையை அசைத்தார். ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். அப்படி ஓர் அசைவு. பொய்க்குக்கூட முழுசாக விலை கொடுக்காத ஆள் என்று தன்னைப் பற்றித் தானே நினைத்துக்கொண்டார்.

வால்வு உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"அண்ணே, ஒரு உபகாரம். உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும். நான் எழுதினா எனக்கே புரியாது. ஒரு கடுதாசி எழுதணும்."

"யாருக்கு?"

"பெரிய இஞ்சினியர் அம்மாவுக்கு. நான்தான் பண்ணேன்னு."

வால்வு தாளை அவர் பக்கம் தள்ளினான்.

"நேத்துக் கூப்பிட்டுப் பேசினாங்க. ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தா வேலை மட்டும்தான் போகும். மாட்டேன்னு நின்னா போலீஸ் கேஸாம். புள்ளைங்க உசுரு சம்பந்தப்பட்டதாச்சே. வீட்ல ரெண்டு பேரும் உக்காந்து யோசிச்சோம். எழுதிக் குடுத்துரலாம்னு ஆயிருச்சு."

"நீதான் பண்ணேன்னு உனக்கு எப்படித் தெரியும்?" ரோஸ் சாரின் குரல் அவருக்கே யாருடையதோபோல் கேட்டது.

"கணக்குப் போட்டா தெரியுதே." வால்வு விரலை மடக்கினான். "ஆறு மணிக்கு ரோஸ். ஏழு, எட்டு, ஒம்போது, எல்லாம் ரோஸ். நீங்க சொன்னீங்க, நான் காதால கேட்டேன். பத்துக்கும் ரோஸ். நடுவுல ஒம்போதரைக்கு சிலிண்டர் மாத்தினவன் யாரு? நான். அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளதான் எதையோ மூடி வெச்சிருக்கேன், இல்ல சரியாத் தொறக்காம விட்டுட்டு அப்புறம் தொறந்திருக்கேன்."

"அப்படிச் செஞ்ச ஞாபகம் இருக்கா?"

"இல்லண்ணே. அதான் பயமா இருக்கு." அவன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பதினாலு வருஷம் இந்தக் கையை நம்பிப் பொழைச்சேன். இப்போ ராத்திரி கேஸ் அடுப்பை மூடிட்டுப் படுத்தா மூணு தடவை எந்திரிச்சுப் போய்ப் பாக்குறேன். எம்பொண்டாட்டி சிரிக்கிறா. 'உனக்குப் பேரு வால்வு, நீயே அடுப்பைச் சந்தேகப்படுறியா'ங்குறா. சிரிச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பி அழறா."

மனைவி டீயைக் கொண்டுவந்து வைத்தாள். போகவில்லை. கதவுச் சட்டத்தில் சாய்ந்து நின்றாள்.

"எழுதுங்கண்ணே. மணி ஆவுது."

ரோஸ் சார் பேனாவை எடுத்தார். 'ஐயா' என்று எழுதி, இஞ்சினியர் பெண் என்பது நினைவுக்கு வந்து அடித்தார். புதுத்தாள் எடுத்தார். 'அம்மையீர்.' கையெழுத்து முத்து முத்தாகத்தான் வந்தது.

வால்வு மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு சொல்லச் சொல்ல எழுதினார்.

"செவ்வாய்க்கிழமை காலை என்னுடைய கவனக்குறைவினால் குடிநீரில் குளோரின் கலப்பது தடைபட்டுப் போனது."

எழுதினார்.

"அதனால் பொதுமக்களும் குழந்தைகளும் நோய்வாய்ப்பட்டதற்கு மிகவும் வருந்துகிறேன். போடுங்க. 'மிகவும்' ரெண்டு தடவை போடுங்க. நிஜமாவே வருத்தமா இருக்கு. அந்தத் தையக்காரர் புள்ளையைப் போய்ப் பாத்தேன். ஒரு பொம்மை வாங்கிட்டுப் போனேன். 'மாமா, நீங்க யாரு'ன்னு கேட்டுச்சு. என்ன சொல்றது? குழா ரிப்பேர் பண்றவன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

'மிகவும் மிகவும்' என்று எழுதினார். பேனா தாளில் ஆழமாகப் பதிந்தது.

"அப்புறம் இதைப் போடுங்க. உங்க மேல ஒரு சொல்லு வந்துறக் கூடாது. அன்று காலை ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது ஆகிய நான்கு வேளையும் லேப் உதவியாளர் அவர்கள் தண்ணீரை முறையாகச் சோதித்துப் பார்த்து..."

பேனா 'சோதி' வரை போயிற்று. நின்றது.

வால்வு காத்திருந்தான். "சோதித்துப் பார்த்து" என்று இன்னொரு முறை நிதானமாகச் சொன்னான், பள்ளிக்கூடத்தில் சொல்வதெழுதுதல் நடத்துகிறவன்போல்.

"இதை எழுத முடியாது தம்பி."

"ஏண்ணே, தப்பா சொல்லிட்டேனா?"

"சோதிச்சுப் பாக்கல."

"யாரு?"

"நான். அன்னைக்கு ஆறு மணிக்கு நான் லேப்லயே இல்ல." ரோஸ் சார் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கையெழுத்துப் போட்டுட்டு, நாலு கட்டத்தையும் இட்டு நிரப்பிட்டு, இங்க வந்துட்டேன். இந்த நாற்காலியில உக்காந்து இந்த மீனைப் பாத்துட்டு இருந்தேன். இங்கிருந்துதான் போன் பண்ணேன். நாலு தடவையும்."

வால்வு மெதுவாகத் தொட்டிப் பக்கம் திரும்பினான். ப்ளக், ப்ளக்.

"அப்போ அந்தச் சத்தம்..."

"இதுதான்."

கோபப்படுவான் என்று எதிர்பார்த்தார். ஓர் அறை விழுந்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று கன்னம் தயாராகவே இருந்தது. வால்வு தன் கையைத்தான் மறுபடி பார்த்தான். வெகுநாள் காணாமல்போய்த் திரும்பி வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல்.

"ஒம்போது நாளாண்ணே" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அந்தச் சொற்களுக்குக் கீழே உட்கார்ந்திருக்க ரோஸ் சாரால் முடியவில்லை. வாய் தானாகத் திறந்தது. ஒன்பது நாளாகப் பிடித்துத் தொங்கிய கயிற்றை எடுத்து மேசைமேல் போட்டது.

"ஆனா தம்பி, ஒண்ணு யோசிச்சுப் பாரு. நான் பாக்கலை, அது தப்புதான். மறுக்கல. அதுக்காக அப்போ தண்ணில குளோரின் இல்லைன்னு ஆயிருமா? இருந்தும் இருக்கலாம். ஆறுலேர்ந்து ஒம்போது வரைக்கும் ரோஸாவே இருந்து, நீ சிலிண்டர் மாத்தினப்போ... நான் சொல்லலை, ஒரு பேச்சுக்கு. எது எப்போ நின்னுச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

சொல்லி முடித்ததும் அந்தச் சொற்களின் நாற்றம் அவருக்கே தெரிந்தது. மனசுக்குள் இருந்தவரை நியாயம்போல் இருந்தது, வெளிச்சத்துக்கு வந்ததும் சட்டைப் பையில் இருக்கும் பொட்டலம் மாதிரி ஆகிவிட்டது. திரும்ப விழுங்கவும் வழியில்லை.

வால்வு யோசித்தான். நேர்மையான ஆள் யோசிப்பதுபோலவே யோசித்தான்.

"அதுவும் சரிதான்" என்றான் மெதுவாக. "நீங்க பாக்கலைங்கிறதால நான் பண்ணலைன்னு ஆயிராது. இன்னமும் நானாவும் இருக்கலாம். நீங்க இதைச் சொன்னா உங்க வேலையும் போகும். ரெண்டு வீட்டு அடுப்பு அணையுறதுக்கு ஒண்ணோட போகட்டுமே." தாளைத் தன் பக்கம் இழுத்தான். பேனாவுக்குக் கை நீட்டினான். "இந்தக் கடைசி வரியை மட்டும் அடிச்சுட்டு நான் கையெழுத்துப் போட்டுர்றேன்."

ரோஸ் சாரின் விரல்கள் பேனாவைப் பிடித்திருந்தன. கொடுக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். விரல்கள் தளர்ந்தன.

"தம்பி, பேனாவைக் கீழ வைங்க."

மனைவி கதவுச் சட்டத்தை விட்டு நகர்ந்து மேசைக்கு வந்தாள். தாளை எடுத்து, ஒழுங்காக இரண்டாக மடித்து, ஆறிப்போன டீ டம்ளருக்கு அடியில் வைத்தாள்.

"யாருக்குத் தெரியும்னு கேட்டீங்களே. எனக்குத் தெரியும்."

"உனக்கு என்ன தெரியும்?" ரோஸ் சார் நிமிர்ந்தார். "நீ நிலையத்துப் பக்கமே வந்தது கிடையாது."

"நிலையத்துத் தண்ணி என் சமையக்கட்டுக்கு வருதில்ல. தொட்டி கிட்டி ஒண்ணும் இல்லாம, தெருக்குழாயிலேர்ந்து நேரா." அவள் அவரைப் பார்க்காமல் வால்வைப் பார்த்துச் சொன்னாள். "செவ்வாக்கிழமை இவர் கிளம்பினதும் ரெண்டு பக்கெட் தண்ணி மாத்தினேன் தம்பி. தொட்டில பாதி. ரெண்டாவதை ஊத்தி முடிக்கும்போது, மணி ஆறு அடிக்குது, இவர் திடீர்னு வந்து வாசல்ல நிக்கிறார். 'மருந்து போட்டியா'ன்னு கேக்கிறார். போட்டேன்னு சொன்னேன்."

"ஆமா, சொன்னே" என்றார் ரோஸ் சார்.

"போன வருஷம் நாலு நாள் என்கிட்ட பேசாம இருந்தீங்க. ஞாபகம் இருக்கா? அந்த பயம்." இப்போது அவரைப் பார்த்தாள். "அன்னைக்கு உங்க நாற்காலிக்குப் பின்னாடியே நின்னேன். குஞ்சு நீந்துற அழகைப் பாக்கிறேன்னு நினைச்சீங்க. இப்போ விழும், இப்போ விழும்னு எண்ணிட்டு இருந்தேன். ஒண்ணும் விழல. எனக்கு ஒண்ணும் விளங்கல. கீழ்வீட்டுப் புள்ளையைத் தூக்கிட்டு ஓடின அன்னைக்குத்தான் விளங்குச்சு. நீங்களா வாயைத் தொறப்பீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாம அந்தப் புள்ளைக்குச் சாப்பாடு தூக்கிட்டுப் போனேன். பாசம்னு நினைச்சீங்களா?"

ரோஸ் சாரின் கை தன்னையறியாமல் சட்டைப் பையில் இருந்த பொட்டலத்தைத் தொட்டது. காலையில் அவள் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றும் வரிசையாக அவருக்குள் திரும்ப வந்தன. எப்பவுமே சாகுமா? தப்பிக்கவே தப்பிக்காதா?

"அறுபத்து மூணுல ஒண்ணுகூடப் போகல, உன் கைராசின்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க" என்றாள் அவள். "கைராசியும் இல்ல, ஒண்ணும் இல்லைங்க. அன்னைக்கு நான் அந்த மருந்து பாட்டிலைத் தொடவே இல்ல."